முட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வலை கட்டுங்கள்

அம்மாப்பேட்டையில் தறிச் சத்தத்தோடு வளர்ந்தவன் நான். வெண்பட்டு வேட்டி நெய்த குடும்பம். கூலி கட்டுபடியாகாமல் தறிக்குழியை மூடிய வருடம், தெரிந்த அண்ணன் ஒருவர் பின்னால் புறா வலை கட்டும் வேலைக்குப் போனேன். 11 வருடம் ஆகிவிட்டது. ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம், அஸ்தம்பட்டி, சூரமங்கலம் என்று சேலத்தில் நான் கயிறு கட்டித் தொங்காத பகுதி குறைவு. போனில் வருகிற முதல் பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, புறாத் தொல்லை தாங்க முடியல, நாளைக்கே வந்து அடைச்சு விட்ருங்க."

நாளைக்கே வருகிறேன், ஆனால் பார்க்கத்தான் வருவேன், அடைப்பது அப்புறம் என்று சொல்லிவிடுவேன். அதற்குக் காரணம் உண்டு.

தொழிலுக்கு வந்து மூன்றாவது வருடம். ஒரு அடுக்குமாடியில் குளியலறைக் குழாய்கள் இறங்கும் டக்ட்டை மூடச் சொன்னார்கள். சாயங்காலம் ஆகிவிட்டது, இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம். உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் வலையை இழுத்துக் கட்டிவிட்டு வந்துவிட்டேன். மூன்றாம் நாள் இரண்டாவது மாடியில் இருந்த பாட்டி போன் பண்ணினார். "தம்பி, ஒரு புறா வந்து வலையில மோதிக்கிட்டே இருக்கு. போகவே மாட்டேங்குது. உள்ள ஏதோ கீச்சு கீச்சுன்னு கேக்குது."

போய்ப் பார்த்தேன். கழிவுநீர்க் குழாய் வளைகிற இடத்தில், நாலு குச்சியும் எச்சமும் சேர்ந்து இறுகிய ஒரு தட்டு. அதில் இரண்டு குஞ்சு. ஒன்று செத்து எறும்பு மொய்த்திருந்தது. இன்னொன்றுக்குச் சிறகு முளைத்து, அதன் நடுவே மஞ்சள் முடி நூல் நூலாக நீட்டிக்கொண்டிருந்தது. இரைப்பை காலியாகித் தோல் தொங்கியது. கையை நீட்டியதும் என்னைத் தாய் என்று நினைத்து, என் விரல் இடுக்கில் அலகை நுழைத்து முட்டியது. புறாக்குஞ்சு அப்படித்தான் சாப்பிடும், தாயின் வாய்க்குள் தன் அலகை விட்டு. அதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன். வலையின் ஒரு மூலையை அறுத்துவிட்டு விலகினேன். நான் படி இறங்கிக் கீழே வருவதற்குள் பெரிய புறா உள்ளே போய்விட்டது. அந்த விரல் முட்டியது இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அதனால் இதைப் படிக்கிறவர்கள், நீங்களே வலை கட்டினாலும் சரி, ஆள் வைத்துக் கட்டினாலும் சரி, முதலில் பார்க்க வேண்டியது முட்டையும் குஞ்சும் இருக்கிறதா என்பதைத்தான். எட்டாத இடமாக இருந்தால் ஒரு நீளக் குச்சியில் போனைக் கட்டி, டார்ச்சைப் போட்டு, வீடியோ ஓடவிட்டு உள்ளே நீட்டுங்கள். வெளியே எடுத்துப் பாருங்கள். ஏசியின் வெளி யூனிட்டுக்குப் பின்னால், சோலார் தகட்டுக்கு அடியில், சன்ஷேடின் உள் மூலையில், பயன்படுத்தாத பூந்தொட்டிக்குள், கட்டாயம் இந்த இடங்களைப் பார்க்க வேண்டும்.

புறாவின் கணக்கு எளிது. ஒரு தடவைக்கு 2 முட்டை. 17, 18 நாள் அடைகாக்கும். பகல் வேளையில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் ஆண், சாயங்காலத்திலிருந்து மறுநாள் காலை வரை பெண். குஞ்சு பொரித்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் பறந்துவிடும். ஆக, முட்டை இட்ட நாளிலிருந்து ஆறு ஏழு வாரம். முட்டை எப்போது இட்டது என்று தெரியாவிட்டால் குஞ்சைப் பார்த்துச் சொல்லலாம். உடம்பு முழுக்க மஞ்சள் முடி மட்டும் என்றால் இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். சிறகு முழுதாக மூடி, தலையிலும் கழுத்திலும் மட்டும் நாலைந்து மஞ்சள் இழை ஒட்டிக்கொண்டிருந்தால் ஒரு வாரம், பத்து நாள். தினக் காலண்டரில் ஒரு தேதியை வட்டம் போட்டு வைத்துவிட்டு அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெறும் குச்சி மட்டும் கிடக்கிறது, முட்டை இல்லை என்றால் நல்ல காலம். அன்றே எடுத்துப் போட்டுவிடலாம். மறுநாள் மறுபடி குச்சி கொண்டுவரும். மறுபடி எடுங்கள். ஒரு வாரம், பத்து நாள் விடாமல் எடுத்தால் பல சமயம் வலையே தேவைப்படாமல் அது வேறு இடம் பார்த்துப் போய்விடும். காலையில் ஒரு நிமிட வேலை, காசு செலவில்லை. ஆனால் நடுவில் இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டால் திரும்பி வரும்போது முட்டை இருக்கும்.

இது இரக்கத்துக்காக மட்டும் சொல்கிற பேச்சு என்று நினைக்க வேண்டாம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்குள்ளேயே காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் அடங்கும். முன்பு எலி, பழந்தின்னி வௌவால் இவற்றோடு காகத்தையும் சேர்த்துத் தீங்குயிர் என்று தனி அட்டவணையில் வைத்திருந்தார்கள். 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டார்கள். காக்கா தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று கவண், ஏர் கன் எடுக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். விஷம் வைப்பதோ இன்னும் மோசம். செத்த புறாவைத் தின்கிற பருந்து, பூனை, தெருநாய் எல்லாமே சாகும்.

சரி, அடுத்தது. அது எதற்காக உங்கள் வீட்டுக்கு வருகிறது என்று பாருங்கள். சாப்பாட்டுக்கு வருகிறதா, தங்க வருகிறதா, தண்ணீருக்கா?

செவ்வாய்ப்பேட்டை லீ பஜார் பக்கம் தானிய மூட்டை ஏறி இறங்கும் இடத்தில் புறா இருக்கத்தான் செய்யும். அங்கே சிந்துவதை நிறுத்த யாராலும் முடியாது. அங்கே உள்ளவர்கள் தங்கும் இடத்தை அடைப்பதுதான் வழி. ஆனால் குடியிருப்புப் பகுதியில் ஒரே தெருவில் 40, 50 புறா வரிசையாக உட்கார்ந்திருக்கிறது என்றால், அந்தத் தெருவில் யாரோ ஒருவர் மொட்டைமாடியில் தினமும் கம்போ மக்காச்சோளமோ கொட்டுகிறார் என்று அர்த்தம். பத்து வீட்டுக்கு நான் வலை கட்டினாலும் பதினோராவது வீட்டுக்குப் போகுமே தவிர, எண்ணிக்கை குறையாது.

அழகாபுரத்தில் ஒரு பெரியவர் அப்படிப் போட்டுக்கொண்டிருந்தார். மனைவி இறந்த பிறகு தொடங்கிய பழக்கம். தெருவே அவரிடம் சண்டை போட்டிருந்தது. நான் சண்டைக்குப் போகவில்லை. அவர் பக்கத்து வீட்டில் வேலை முடிந்து, தண்ணீர் கேட்கிற சாக்கில் போய்ப் பேசினேன். "ஐயா, போடறதை நிறுத்தச் சொல்லல. ஒரு கைப்பிடி போடுங்க, பத்து நிமிஷத்துல தின்னு முடிக்கற அளவு. மீதி கிடந்தா ராத்திரி எலி வருது" என்றேன். எதிர் வீட்டுக் குழந்தைக்கு மூச்சிளைப்பு இருப்பதையும் சொன்னேன். அது அவருக்குத் தெரியாது. மறு மாதம் பார்த்தபோது மூட்டை வாங்குவதை விட்டிருந்தார். சின்ன டப்பாவில் கம்பு வைத்திருந்தார். யாரும் அவரிடம் குழந்தையைப் பற்றி மரியாதையாக உட்கார்ந்து சொல்லவில்லை, அவ்வளவுதான். பெரியவர்களிடம் இப்படித்தான் போக வேண்டும்.

காக்கைக்குச் சோறு வைப்பதும் இதே கணக்குத்தான். என் அம்மா இன்றும் காக்கைக்கு வைக்காமல் சாப்பிட மாட்டார். அமாவாசையும் மாட்டுப்பொங்கலன்று கனுப்பிடியும் எங்கள் வீட்டில் தப்பாது. அதை விடச் சொல்ல எனக்கு மனசு வராது, சொல்லவும் வேண்டியதில்லை. ஒரே இடம், ஒரே நேரம், ஒரு உருண்டை. சாப்பிட்டு முடித்ததும் இலையை எடுத்துவிட வேண்டும். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும் வைக்கக்கூடாது. காகம் எதையும் தண்ணீரில் நனைத்துத் தின்னும். தொட்டி மூடி உடைந்த வீடுகளில் உள்ளே கோழி எலும்பும் வடைத் துண்டும் கிடந்ததை நான் எடுத்திருக்கிறேன். அந்தத் தண்ணீரில்தான் அந்த வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். இன்றே மாடி ஏறி உங்கள் தொட்டி மூடியைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இனி வலை. இது என் சோறு, இதை விளக்கமாகச் சொல்கிறேன்.

கண்ணி, அதாவது வலையின் ஓட்டை, எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வி. புறாவுக்கு 2 அங்குலக் கண்ணி போதும். மைனாவும் வரும் இடம் என்றால் ஒன்றேகால் அங்குலம் வேண்டும். சிட்டுக்குருவிக்கு முக்கால் அங்குலம், ஆனால் சிட்டுக்குருவியைத் தடுக்க வலை கேட்டு வந்தால் நான் கட்டுவதில்லை. அது வந்து கூடு கட்டினால் சந்தோஷப்படுங்கள்.

விலை மலிவாகச் சொல்கிறவர்கள் பலர் மீன் வலை மாதிரித் தங்கூசி வலையை, அதாவது ஒற்றை இழை நைலான் வலையை, கட்டிவிடுவார்கள். கண்ணுக்கே தெரியாது, வீட்டுக்காரருக்கும் அதுதான் பிடிக்கும். பறவைக்கும் தெரியாது என்பதுதான் வினை. காலோ சிறகோ மாட்டினால் இழுக்க இழுக்க இழை சதையில் இறங்கும். முறுக்கிய நைலான் இழையில் பின்னிய வலை வாங்குங்கள், வெயில் தாங்கும் ரகமாக. சேலத்து வெயிலில் சாதா வலை இரண்டு கோடையில் பொடிந்துவிடும். கையில் எடுத்து ஒரு கண்ணியை இரண்டு விரலால் அழுத்தி இழுத்துப் பாருங்கள், முடிச்சு நகர்ந்தால் அந்த வலை வேண்டாம்.

கொக்கி ஒரு அடிக்கு ஒன்று. துருப்பிடிக்காத எஃகுக் கொக்கியாக இருக்கட்டும், இரும்பு துருவேறிச் சுவரில் கறை இறங்கும். பூச்சில் மட்டும் நிற்கிற மாதிரி அடிக்காதீர்கள், துளை போட்டு பிளக் வைத்து உள்ளே இறங்க வேண்டும். நாலு பக்கமும் முதலில் கயிறு ஓட்டி, அந்தக் கயிற்றில்தான் வலையைக் கோக்க வேண்டும். நேராகக் கொக்கியில் வலையை மாட்டினால் ஒவ்வொரு கொக்கிக்கும் நடுவில் வாய் திறந்துகொள்ளும். புறாவுக்கு அது போதும், தலை நுழைந்தால் உடம்பு நுழையும்.

இழுப்பு ஒரே சீராக இருக்க வேண்டும். தறியில் பாவு, அதாவது நீளவாட்டு நூல், ஒரு பக்கம் தளர்ந்தால் வேட்டி அந்தப் பக்கம் கோணிக்கொள்ளும், எங்கள் அப்பா உள்ளங்கையைப் பாவின் மேல் வைத்து ஓட்டியே எங்கே தளர்வு என்று சொல்வார். வலையிலும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். கட்டி முடித்ததும் உள்ளங்கையால் தட்டிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறு முனை போங்கள். எங்கே கை அமுங்குகிறதோ அங்கேதான் நாளைக்கு ஒரு பறவை சிக்கும். விறைப்பான வலையில் மோதினால் அது திரும்பிப் போய்விடும், தொய்ந்த வலையில்தான் சுற்றிக்கொள்ளும்.

டக்ட்டுக்கு வலை கட்டும்போது ஒரு ஓரத்தில் கொக்கியைக் கழற்றினால் திறக்கிற மாதிரி வழி விடுங்கள். இல்லாவிட்டால் குழாய் ஒழுகுகிற அன்று பிளம்பர் வந்து வலையை அறுத்துப் போட்டுவிட்டுப் போவார். நீங்கள் ஆறு மாதம் கழித்துத்தான் பார்ப்பீர்கள். பால்கனியில் கட்டினாலும் ஒரு பக்கமாவது உள்ளிருந்து கழற்றும்படி இருக்கட்டும், தீ கீ என்றால் அது வழி.

சன்ஷேடுக்கும் பீம் விளிம்புக்கும் வலையை விடச் சிறந்தது சரிவு. கொத்தனாரை வைத்து 45 டிகிரிக்கு மேல் சாய்வாகக் கலவை பூசி, வழவழப்பாக இழைத்துவிட்டால் புறாவால் உட்கார முடியாது. ஒரு தடவைச் செலவு. புது வீடு கட்டுகிறவர்கள் இதை முதலிலேயே மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள்.

முள் பட்டை பலர் கேட்கிறார்கள். அதன் இடையில் குச்சியைச் செருகிப் புறா கூடு கட்டியிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதற்கு முள்ளே அஸ்திவாரம் ஆகிவிடுகிறது. ஒட்டும் பசை தடவவே கூடாது, தேன்சிட்டும் அணிலும் ஒட்டிக்கொண்டு சாகும். பளபளக்கும் ரிப்பன், பழைய சிடி, பிளாஸ்டிக் ஆந்தை எல்லாம் ஒரு வாரம், அப்புறம் ஆந்தையின் தலைமேலேயே உட்காரும். காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் கருவி என்று விற்கிறார்களே, அந்த ஒலி பறவையின் காதுக்கும் எட்டாது. மிளகாய்ப் பொடி தூவியும் பயனில்லை. பறவைக்குக் காரம் உறைக்காது, பச்சைக்கிளி மிளகாய்ப் பழத்தைத் தின்பதைப் பார்த்ததில்லையா?

வலை கட்டுவதற்கு முன் எச்சத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். இதில்தான் உடம்புக்கு ஆபத்து. காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள். அந்தத் தூசியில் பூஞ்சைக் கிருமி இருக்கும், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும். வருடக்கணக்கில் புறாத் தூசி சுவாசித்தால் நுரையீரலுக்கு ஒவ்வாமை வந்து, நிரந்தரமாகவே மூச்சு வாங்கும் நிலை வரலாம். என்கூட வேலை பார்த்த ஒருவர் முகத்தில் கைக்குட்டை மட்டும் கட்டிக்கொண்டு வேலை செய்தவர். இப்போது மாடி ஏற முடியவில்லை. வறட்டு இருமல் வாரக்கணக்கில் விடாமல் இருந்து, வீட்டில் புறாவும் இருந்தால், டாக்டரிடம் புறா இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் அவருக்குத் தெரியாது.

என் முறை இதுதான். என்-95 முகக்கவசம், கையுறை. முதலில் தண்ணீரைத் தெளித்து அரை மணி நேரம் ஊற விடுவேன். வேகமாகப் பீய்ச்சினால் அதுவே தெறிக்கும், மெதுவாகத்தான் நனைக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே சுரண்டி, இரட்டைப் பையில் போட்டுக் கட்டிவிடுவேன். அப்புறம் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர். பிளீச்சிங் போட்ட இடத்தில் கழிவறை ஆசிடை ஊற்றக்கூடாது, இரண்டும் கலந்தால் விஷவாயு கிளம்பும். கூட்டை எடுத்த பிறகு அதில் இருந்த உண்ணியும் செள்ளுப் பூச்சியும் ஆள் தேடி வீட்டுக்குள் வரும், அதனால் அந்தப் பக்கத்து ஜன்னலை அன்று மூடி வையுங்கள். குழந்தைகளையும் ஆஸ்துமா உள்ளவர்களையும் அந்த நேரத்தில் வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள்.

காகம் தலையில் கொத்துகிறது என்று பங்குனி தொடங்கி ஆடி வரை அழைப்பு வரும். கொண்டலாம்பட்டியில் ஒரு சந்து. காலையில் பால் வாங்கப் போகிற அம்மாவைப் பின்னாலிருந்து வந்து அடிக்கிறது, சனி பிடித்துவிட்டது என்று அவர் பயந்து பரிகாரத்துக்கே போய்விட்டார். நான் போய் அண்ணாந்து பார்த்தேன். வேப்பமரத்தில் கூடு, பாதி குச்சி, பாதி பக்கத்துக் கட்டடத்தில் எடுத்த கட்டுக்கம்பி. கீழே மதில் ஓரத்தில் வால் முளைக்காத ஒரு குஞ்சு உட்கார்ந்திருந்தது. அந்த அம்மா தினமும் அதைத் தாண்டித்தான் போகிறார். அவருக்குக் குஞ்சு இருப்பதே தெரியாது.

குஞ்சை ஒரு துணியால் எடுத்துத் தாழ்ந்த கிளையில் வைத்தேன், குடையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு. மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையில்லை, சேர்க்கும். அந்த அம்மாவிடம் இரண்டு வாரத்துக்குக் குடை விரித்துக்கொண்டு எதிர்ப்பக்கமாகப் போங்கள் என்றேன். காகம் பெரும்பாலும் பின்னாலிருந்துதான் வரும், திரும்பி நேராகப் பார்த்தால் தயங்கும். கல் எறிந்தவர் முகத்தை அது மறக்காது, அதனால் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். கூட்டை இறக்கித் தரச் சொல்லித் தெருவில் நாலு பேர் கேட்டார்கள், மறுத்துவிட்டேன். அந்தக் கூட்டில் குயிலின் குஞ்சும் இருந்திருக்கலாம். அந்தத் தெருவில் விடியற்காலையில் குயில் கூவுவது எல்லோருக்கும் பிடித்திருந்தது.

மைனா ஓட்டை தேடும். ஏசி குழாய் போன துளை, எக்சாஸ்ட் விசிறியின் சட்டம், ஷட்டர் பெட்டி. குஞ்சு பறந்ததும் கம்பி வலைத் துண்டை வைத்து ஓரத்தைச் சிமெண்டால் பூசிவிட்டால் முடிந்தது.

கண்ணாடியில் கொத்தும் பறவைக்கு ஒன்றும் பைத்தியம் பிடிக்கவில்லை. ஏற்காட்டில் ஒரு விடுதிக்கு வேலையாகப் போயிருந்தேன், 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி. அங்கே ஒரு கொண்டைக்குருவி கார் ஒவ்வொன்றாகப் போய்ப் பக்கக் கண்ணாடியில் மோதிக்கொண்டிருந்தது. தன் நிழலைப் பார்த்து, தன் இடத்துக்கு வேறு ஒருவன் வந்துவிட்டான் என்று சண்டை. கண்ணாடிக்குப் பழைய காலுறையை மாட்டிவிட்டால் போதும். வீட்டு ஜன்னல் என்றால் வெளிப்பக்கம் சோப்பை மங்கலாகத் தேய்த்துவிடுங்கள். கூடு கட்டும் காலம் முடிந்ததும் தானாக நின்றுவிடும்.

கூகை என்கிற ஆந்தையைப் பற்றி ஒரு வார்த்தை. இரவில் டக்ட்டுக்குள்ளிருந்து பாம்பு சீறுகிற மாதிரிச் சத்தம் வருகிறது என்று பயந்து கூப்பிடுவார்கள். வெள்ளை முகம், இதய வடிவம். அபசகுனம், புகை போட்டு விரட்டுங்கள் என்பார்கள். அந்தச் சத்தம் குஞ்சுகள் சாப்பாடு கேட்பது. கூகை தின்பது எலியை, அதுவும் ராத்திரி முழுக்க. அதன் கூட்டுக்குக் கீழே கிடக்கிற உருண்டைகளை ஒரு தடவை குச்சியால் பிரித்துக் காட்டினேன், உள்ளே முழுக்க எலி மண்டையோடும் முடியும். அதைப் பார்த்த பிறகு அந்த வீட்டுக்காரரே மனம் மாறி, குஞ்சு பறக்கும் வரை அந்தப் பக்கம் யாரையும் விடவில்லை. கீழே ஒரு பழைய சாக்கை விரித்துவிட்டால் எச்சத்தை எடுப்பது சுலபம்.

மாமரம் வைத்திருப்பவர்களுக்குக் கிளித் தொல்லை. மரம் முழுக்க வலை போர்த்தாதீர்கள், எட்டாத உயரத்தில் சிக்கிய கிளியை யாரும் இறக்க முடியாது. கைக்கு எட்டுகிற கிளைகளில் காய் எலுமிச்சை அளவு ஆனதும் காகிதப் பையோ துணிப் பையோ கட்டுங்கள். மல்கோவாவும் இமாம்பசந்தும் அப்படிக் காப்பாற்றத் தக்கவை. உச்சியில் இருப்பதை அதற்கு விட்டுவிடுங்கள். கிளியைப் பிடித்துக் கூண்டில் வைப்பது குற்றம், இறகை வெட்டுவது பாவம்.

மலையடிவாரத்தில், கோரிமேடு தாண்டி, கொண்டப்பநாயக்கன்பட்டி வரை வீடுகள் ஏறிக்கொண்டே போகின்றன. மயில் நம் வாசலுக்கு வரவில்லை, நாம்தான் அதன் வாசலில் போய் வீடு கட்டியிருக்கிறோம். கருப்புக் காரின் கதவில் தன் உருவத்தைப் பார்த்துக் கொத்தும், காலால் உதைக்கும், பெயின்ட் போய்விடும். காருக்கு உறை போடுங்கள், உறை இல்லாவிட்டால் கதவு உயரத்துக்குப் பழைய போர்வை போதும். தக்காளி, மிளகாய் நாற்றுக்குக் கோழி வலையைக் குடை மாதிரி வளைத்துக் கவிழ்த்து வையுங்கள், செடி நிமிர்ந்த பிறகு எடுத்துவிடலாம். அழகாக இருக்கிறதே என்று அரிசி போட்டுப் பழக்காதீர்கள். போட்டுப் பழக்கிவிட்டு அப்புறம் தோட்டத்தைக் கிளறுகிறது என்று கோபப்படுவது நியாயமில்லை. 1963லிருந்து தேசியப் பறவை, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அடிபட்டுக் கிடந்தால் அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். புரையேறிச் செத்துவிடும்.

சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தில் கொக்கு அடைவதால் வண்டியெல்லாம் வெள்ளையாகிறது என்பவர்களுக்கு என்னிடம் வேலை இல்லை. வண்டியை இரண்டு மரம் தள்ளி நிறுத்துங்கள். பட்ட எச்சத்தை ஈரத்துணி போட்டு ஊறவைத்து எடுங்கள், தேய்த்தால் பெயின்ட்டில் கீறல் விழும். கிளையை வெட்டியே ஆக வேண்டும் என்றால் கூட்டில் குஞ்சு இல்லாத காலத்தில் மட்டும்.

போன மாசியில் சூரமங்கலத்திலிருந்து ஒரு அக்கா கூப்பிட்டார். படுக்கையறை ஏசிக்குப் பின்னால் புறா, முட்டை இரண்டு. ஏசியைப் போட முடியவில்லை, வெயில் ஆரம்பித்துவிட்டது. நான் கணக்கைச் சொன்னேன். பெருமூச்சு விட்டார், ஆனால் சரி என்றார். அந்த அறையை விட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டார்கள். அவருடைய மகள், மூன்றாம் வகுப்பு, தினமும் ஒரு கோடு போட்டு எண்ணினாள். குஞ்சு பறக்கும் சமயத்தில் மட்டும் தினமும் பாருங்கள், கடைசிக் குஞ்சு போன அன்றே எனக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஏனென்றால் புறா காத்திருக்காது, முதல் குஞ்சுகள் போவதற்கு முன்பே அடுத்த முட்டைக்கு இடம் பார்க்கத் தொடங்கிவிடும். ஒரு நாள் தவறினால் மறுபடி ஆறு வாரம்.

பங்குனி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் போன். பேசியது மகள். "மாமா, ரெண்டும் போயிடுச்சு. இப்பத்தான். அம்மா புறா வெளிய கம்பி மேல உக்காந்திருக்கு, சீக்கிரம் வாங்க." டீ குடிக்கவில்லை, வலையையும் டிரில்லையும் வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். எட்டு மணிக்கெல்லாம் கடைசிக் கொக்கியை முறுக்கிவிட்டேன்.